விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் திருமண உரிமத்துக்கும் சான்றிதழுக்கும் என்ன செலவாயிற்று?

விக்டோரியா காலத்து ஆங்கில நாவல் ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கையில், காதலன் தன் சட்டைப்பையைத் தட்டி "லைசென்ஸ் வாங்கிவிட்டேன்" என்று சொல்லும் இடத்தில் நீங்கள் நின்றிருக்கிறீர்கள். அந்த லைசென்ஸுக்கும் திருமணச் சான்றிதழுக்கும் அன்று எவ்வளவு செலவாயிற்று, அதை அன்றைய நம் ரூபாயில் எப்படி எண்ணிப் பார்ப்பது, அந்தத் தொகையைக் கட்ட வழியில்லாததால்தான் லண்டன் ஏழைகளில் பலர் மணம் முடிக்காமலே சேர்ந்து வாழ்ந்தார்களா என்று மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது விலை பற்றிய கேள்வி. ஆனால் உங்கள் கேள்வியின் அடியில் வேறொரு ஐயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: உரிமம் வாங்காமல் யாரும் மணம் முடிக்க முடியாது என்றும், மணம் முடிந்தால் சான்றிதழும் கூடவே கிடைத்துவிடும் என்றும் நீங்கள் எண்ணுகிறீர்கள். இரண்டும் அன்றைய இங்கிலாந்தில் உண்மையில்லை. இருபது ஆண்டுகளாக வாரிசுரிமை வழக்குகளுக்கான பழைய குடும்ப ஆவணங்களைத் தேடிக்கொடுப்பதே என் தொழில். அதில் வாடிக்கையாளர்களிடம் நான் அதிகமாக விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பதும் இந்த இரண்டு எண்ணங்களைப் பற்றித்தான். நான் அறிந்தது இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டின் நடைமுறை. ஸ்காட்லாந்தின் திருமணச் சட்டம் முற்றிலும் வேறு என்பதால் அதை இங்கே தொடவில்லை.

முதலில் காகிதங்களைப் பிரித்துக்கொள்வோம். உரிமம் என்பது மணத்துக்கு முன் வாங்கும் அனுமதி. சான்றிதழ் என்று நாம் இன்று சொல்வது மணம் நடந்துவிட்டது என்பதற்கு, பதிவேட்டைப் பார்த்து எடுத்துத் தரப்படும் கையொப்பமிட்ட நகல். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது காகிதம் ஒன்று உண்டு. குழப்பம் பிறப்பதே அதனால்தான். பதிவு அலுவலகத்தில் மணம் முடிக்க விரும்பியவர்களுக்கு, அவர்கள் கொடுத்த அறிவிப்புக்கு யாரும் தடை சொல்லவில்லை என்று மேற்பார்வைப் பதிவாளர் எழுதிக்கொடுத்த தாளுக்கும் "சர்டிபிகேட்" என்றே பெயர். இந்தச் சர்டிபிகேட் மணத்துக்கு முன் வருவது. மணம் நடந்ததற்குச் சாட்சி ஆகாது. பழைய பதிவேட்டில் "சர்டிபிகேட் மூலம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, தம் முன்னோர் அன்றே சான்றிதழ் வாங்கி வைத்திருந்தார்கள், அது எங்கோ தொலைந்துவிட்டது என்று வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொலைவதற்கு அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

1753-ஆம் ஆண்டு ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த சட்டம் 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தபோது, யூதர்களையும் குவேக்கர் சபையாரையும் தவிர மற்ற அனைவரும், கத்தோலிக்கர்கள் உட்பட, ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆலயத்தில்தான் மணம் முடிக்க வேண்டும் என்றாயிற்று. அதற்கும் இரண்டே வழிகள்: மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது, அதாவது நடக்கப்போகும் மணத்தை ஆலயத்தில் அறிவிப்பது, அல்லது உரிமம் வாங்குவது. 1836-ஆம் ஆண்டின் இரு சட்டங்கள், பதிவு அலுவலகத்திலும் மணம் முடிக்கலாம் என்று வழிவிட்டு, இந்தப் பிடியைத் தளர்த்தின. ஒன்று திருமணம் பற்றியது, மற்றொன்று பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு பற்றியது. இரண்டும் 1837 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. விக்டோரியா அரியணை ஏறியது அதே ஆண்டு ஜூன் 20. ஆகவே அவருடைய ஆட்சியும் இங்கிலாந்தின் அரசுப் பதிவு முறையும் பதினொரு நாள் இடைவெளியில் தொடங்கின என்று சொல்லலாம். நீங்கள் கேட்கும் காலம் முழுவதும் இந்த 1836 சட்டங்களின் கட்டணப் பட்டியலுக்குள் அடங்கிவிடுவதால், விடை சொல்வது எனக்கு எளிதாகிறது.

பெரும்பாலான மக்கள் சென்ற வழி ஓலை வாசிப்புதான். மணமகனும் மணமகளும் வெவ்வேறு சேகரத்தில், அதாவது வெவ்வேறு ஆலயத்துக்கு உட்பட்ட பகுதியில், இருந்தால் இரண்டு ஆலயங்களிலும், அடுத்தடுத்தோ இடைவெளி விட்டோ மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், ஆராதனையின் நடுவே அவர்கள் பெயர் வாசிக்கப்படும். தடை இருப்பவர் எழுந்து சொல்லலாம். நம் ஊர்ச் சபைகளில் இன்றும் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதற்கு உரிமமும் வேண்டாம், அரசுக்கு முத்திரைத் தீர்வையும் வேண்டாம். ஓலை வாசிப்பதற்கும் மணத்தை நடத்தி வைப்பதற்கும் குருவானவருக்கும் ஆலய எழுத்தருக்கும் கொடுக்க வேண்டிய காணிக்கை அந்தந்தச் சேகரத்தின் வழக்கத்தைப் பொறுத்தது. நாடு முழுவதற்கும் பொதுவான தொகை ஒன்றை எழுதினால் அது பொய்யாகிவிடும். பழைய சேகரங்கள் சிலவற்றில் கட்டணப் பலகையே தொங்கும். மணி அடிப்பவர்களுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் எல்லாம் சில ஷில்லிங்குகளில் அடங்கியது (அன்று பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு). இணையத்தில் "விக்டோரியா காலத் திருமணக் கட்டணம் இவ்வளவு" என்று ஒரே எண் கொடுக்கப்பட்டிருந்தால், அது யாரோ ஒரு சேகரத்தின் பலகையைப் பார்த்து எழுதியது என்று கொள்ளுங்கள்.

இனி உரிமம். நாவல்களில் வருவது பெரும்பாலும் பொது உரிமம் எனப்படும் சாதாரண வகை. பேராயரின் (பிஷப்பின்) அலுவலகத்திலோ, அவருக்குப் பதிலாக உரிமம் வழங்க நியமிக்கப்பட்ட உள்ளூர்க் குருவானவரிடமோ இதை வாங்கலாம். இருவரில் ஒருவர் நேரில் சென்று, மணத்துக்குத் தடை ஏதும் இல்லை, இருவரில் ஒருவராவது அந்தச் சேகரத்தில் பதினைந்து நாள் தங்கியிருக்கிறார், இருபத்தொரு வயது நிறையாதவர் இருந்தால் பெற்றோர் சம்மதம் உண்டு என்று சத்தியம் செய்ய வேண்டும். அந்தப் பிரமாணத்தை எழுதிக்கொண்டு, உரிமத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மூன்று மாதம் செல்லும். லண்டனில் இதற்கான இடம் புனித பவுல் பேராலயத்தின் அருகில் இருந்த டாக்டர்ஸ் காமன்ஸ். திருச்சபைச் சட்டம் பயின்ற வழக்கறிஞர்களின் குடியிருப்பு அது. அதன் வாயிலில் வெள்ளை ஏப்ரன் கட்டிய தரகர்கள் நின்றுகொண்டு, இளைஞர் யார் வந்தாலும் "லைசென்ஸ் வேண்டுமா ஐயா" என்று பிடித்து இழுப்பார்கள். நம் பத்திரப் பதிவு அலுவலக வாசலை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இராது.

செலவில் உறுதியாகத் தெரிந்த பகுதி, அரசின் முத்திரைத் தீர்வை: பத்து ஷில்லிங். இது சட்டம் வகுத்தது, எங்கும் ஒன்றே. அதற்கு மேல் அலுவலகக் கட்டணம், எழுத்தர் கூலி, பிரமாணம் செய்விப்பவரின் பங்கு ஆகியவை சேர்ந்து மொத்தம் மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறியது. லண்டனில் இரண்டு பவுண்டும் சில ஷில்லிங்கும் ஆனது; மற்ற ஊர்களில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் பவுண்டிலிருந்து இரண்டரை பவுண்டுக்குச் சற்று மேல் வரை. இது உரிமத்துக்கு மட்டும். ஆலயக் காணிக்கை தனி. இவ்வளவையும் கொடுத்து என்ன வாங்கினார்கள் என்று கேட்டால், நேரத்தையும் மறைவையும் என்பேன். மூன்று ஞாயிறு காத்திருக்க வேண்டாம். ஊரார் முன் பெயர் வாசிக்கப்பட வேண்டாம். வயது வித்தியாசம் அதிகமுள்ளவர்கள், மறுமணம் செய்கிறவர்கள், வயிற்றில் குழந்தையோடு நின்ற மணமகள், வேறு சபையைச் சேர்ந்தவர்கள், கப்பலேறப் போகும் மாலுமி ஆகியோருக்கு அந்த மறைவும் விரைவும் தேவைப்பட்டன. நடுத்தர வர்க்கத்துக்கோ அதைவிடவும் அது கௌரவப் பொருள். கடைக்காரர் மகளுக்கும் எழுத்தர் மகனுக்கும் நடக்கும் மணத்தில் ஓலை வாசித்தால் "இவர்களால் இரண்டு பவுண்டு செலவழிக்க முடியவில்லை" என்று பேசுவார்களே என்ற அச்சமே பல உரிமங்களுக்குக் காரணம். நம் ஊரில் பத்திரிகை அச்சடிக்காமல் கல்யாணம் செய்தால் எழும் பேச்சைப் போன்றதுதான் இதுவும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிடுகிறேன். பழைய உரிமங்களோடு சேர்ந்து பிணைமுறி ஒன்று கிடைக்கும். அதில் நூறு பவுண்டு, இருநூறு பவுண்டு என்று தொகை எழுதியிருக்கும். "எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா இருநூறு பவுண்டு கொடுத்து மணம் முடித்தார், அவ்வளவு செல்வந்தர்" என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் உண்மையைச் சொல்வது எனக்குச் சங்கடமான வேலை. அந்தப் பணத்தை யாரும் கட்டவில்லை. சொன்னது பொய்யென்று தெரிந்தால் இவ்வளவு தர வேண்டியவராவேன் என்று எழுதிக்கொடுத்த உறுதிமொழி அது. கூலித் தொழிலாளியும் அதே தொகைக்குத்தான் கையெழுத்திட்டான். 1823-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பிணைமுறியை எடுத்துவிட்டதால், விக்டோரியா காலத்தில் பிரமாண வாக்குமூலம் மட்டுமே மிஞ்சியது. விக்டோரியா காலத்து மணத்துக்கு இருநூறு பவுண்டுப் பிணைமுறி இருப்பதாக யாராவது சொன்னால், ஆண்டைத் தவறாகப் படித்திருக்கிறார் என்று பொருள்.

சிறப்பு உரிமம் வேறு. எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டத்தின் கீழ் கேன்டர்பரி தலைமைப் பேராயர் ஒருவரே வழங்கக்கூடியது. எந்த இடத்திலும், எந்த நேரத்திலும், ஒரு மாளிகையின் வரவேற்பறையில் இரவிலும்கூட மணம் முடிக்க அனுமதிப்பது. முத்திரைத் தீர்வை மட்டுமே ஐந்து பவுண்டு. மற்றக் கட்டணங்களோடு மொத்தம் முப்பது பவுண்டு அளவுக்குப் போனது. பணம் இருந்தால் மட்டும் கிடைத்துவிடாது. தலைமைப் பேராயர் செக்கர் 1759-இல் வகுத்த விதிகளின்படி பிரபுக்களும் அவர்கள் மக்களும், அரச ஆலோசனைக் குழுவினர், உயர் நீதிபதிகள், பாரனெட், நைட் பட்டம் பெற்றவர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆகியோரே கேட்கலாம். மற்றவர்கள் தகுந்த காரணம் காட்ட வேண்டும். நாவலாசிரியர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. அவசரமாக ஓடிப்போகும் இளைஞன் "சிறப்பு உரிமம்" வைத்திருப்பதாக எழுதிவிடுவார்கள். உண்மையில் அவன் பையில் இருந்திருக்கக்கூடியது இரண்டு பவுண்டுச் சாதாரண உரிமம்தான். போதாததற்கு, பதிவு அலுவலகத்து உரிமத்தையும் பேச்சுவழக்கில் "ஸ்பெஷல் லைசென்ஸ்" என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. குடும்பக் கதைகளில் அந்தச் சொல் வந்தால் நான் அதை நம்புவதில்லை.

பதிவு அலுவலக வழியில் கட்டணம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பதால் ஐயத்துக்கு இடமில்லை. அறிவிப்பைப் பதிவுசெய்ய ஒரு ஷில்லிங். இருபத்தொரு நாள் கழித்து மேற்பார்வைப் பதிவாளர் கொடுக்கும் முன்-சர்டிபிகேட்டுக்கு ஒரு ஷில்லிங். மணத்தன்று வந்து பதிவுசெய்யும் பதிவாளருக்கு ஐந்து ஷில்லிங். மொத்தம் ஏழு ஷில்லிங். இருவரும் வெவ்வேறு பதிவு மாவட்டத்தில் இருந்தால் அறிவிப்பும் சர்டிபிகேட்டும் இரட்டிப்பாகி ஒன்பது ஷில்லிங். அவசரமென்றால் மேற்பார்வைப் பதிவாளரிடமும் உரிமம் வாங்கலாம்: 1836 சட்டத்தின்படி அதற்கு மூன்று பவுண்டு, அதற்கு மேல் முத்திரைத் தீர்வை பத்து ஷில்லிங், பதிவாளருக்கும் ஐந்துக்குப் பதில் பத்து ஷில்லிங். அதாவது பேராயரின் உரிமத்தைவிட அரசின் உரிமம் விலை அதிகமாகத் தொடங்கியது; பின்னாளில்தான் அந்த மூன்று பவுண்டைக் குறைத்தார்கள். 1856 வரை இந்த வழியில் இன்னொரு கசப்பும் இருந்தது. உரிமம் வாங்காதவர்களின் அறிவிப்பு, ஏழைகள் நிவாரணத்தைக் கவனித்த கார்டியன் குழுவின் வாராந்தரக் கூட்டத்தில் மூன்று முறை வாசிக்கப்பட வேண்டும். மணம் முடிக்கப் போகும் தச்சனின் பெயரும் அவன் காதலியின் பெயரும், வொர்க்ஹவுஸ் என்ற ஏழைகள் விடுதிக்கு யாரைச் சேர்ப்பது, யாருக்கு ரொட்டி கொடுப்பது என்று முடிவுசெய்யும் கூட்டத்தில் வாசிக்கப்பட்டால் அவர்கள் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று பவுண்டு இருந்தவர்கள் இந்த அவமானத்தையும் பணம் கொடுத்துத் தவிர்த்தார்கள்.

மணம் முடிந்த பின் வரும் சான்றிதழுக்கு வருவோம். மணம் நடந்தவுடன் ஆலயத்திலோ அலுவலகத்திலோ பதிவேட்டில் எழுதி, மணமக்களும் சாட்சிகளும் கையொப்பமிட்டால், அல்லது எழுதத் தெரியாதவர்கள் குறியிட்டால், சட்டம் கேட்ட பதிவும் முடிந்துவிடும். நகல் வாங்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. வேண்டுமென்றால் ஒரு நகலுக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். குருவானவரிடம் கேட்டாலும், மேற்பார்வைப் பதிவாளரிடம் கேட்டாலும், லண்டனில் சோமர்செட் ஹவுஸில் இருந்த தலைமைப் பதிவு அலுவலகத்தில் கேட்டாலும் அதே தொகை. 1860-க்குப் பின் இதன்மேல் ஒரு பென்னி முத்திரைத் தீர்வையும் சேர்ந்து இரண்டு ஷில்லிங் ஏழு பென்ஸ் ஆயிற்று. மணநாளன்றே கேட்டு வாங்கினால் இவ்வளவே. பிறகு வந்து கேட்டால் பதிவேட்டைத் தேடும் கூலியும் உண்டு. ஆலயத்தில் ஓராண்டுக்குள் தேட ஒரு ஷில்லிங், அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆறு பென்ஸ். சோமர்செட் ஹவுஸில் குறிப்பிட்ட பதிவைத் தேட ஒரு ஷில்லிங். பொதுவாக முழுவதையும் தேட வேண்டுமென்றால் இருபது ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு முழுதாக. குறிப்பிட்ட பதிவைத் தேடும் ஒரு ஷில்லிங்கும் நகலின் இரண்டு ஷில்லிங் ஏழு பென்ஸும் சேர்ந்துதான் அங்கே ஒரு சான்றிதழ் மூன்று ஷில்லிங் ஏழு பென்ஸுக்கு வந்தது. ஆண்டு நினைவில்லாத ஒரு விதவை, ஆலயத்தில் பத்து ஆண்டுப் பதிவுகளைத் தேடச் சொன்னாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: தேடல் ஐந்தரை ஷில்லிங், நகல் இரண்டரை ஷில்லிங், ஆக எட்டு ஷில்லிங். மணம் முடிக்க ஆன செலவைவிட, முடித்ததை மெய்ப்பிக்க ஆன செலவு கூடிவிடும்.

அந்த நகலை மக்கள் "மேரேஜ் லைன்ஸ்" என்றார்கள். நான்கைந்து வரி எழுதிய தாள் என்பதுதான் பொருள். உழைக்கும் வர்க்கத்துப் பெண்கள் அதைப் பெட்டியின் அடியில் பைபிளோடு வைத்திருந்தார்கள். அது மனைவியின் சொத்தாகக் கருதப்பட்டதே தவிரக் கணவனுடையதாக அல்ல. காரணம் நடைமுறையானது. ஏழைகள் சட்டத்தின்படி மனைவிக்குக் கணவனின் சேகரமே நிவாரணம் தர வேண்டிய இடம். ஆகவே கைவிடப்பட்டவளோ விதவையோ உதவி கேட்டுச் சென்றால், நீ மணம் முடித்தவளா என்பதே முதல் கேள்வி. நட்புச் சங்கங்கள் எனப்பட்ட பரஸ்பர உதவிச் சங்கங்களில் கணவன் செலுத்திய சந்தாவுக்கு ஈமச் செலவுப் பணம் வாங்கவும் அது வேண்டும். 1840-களில் மணப் பதிவேட்டில் கையெழுத்திடத் தெரியாமல் குறியிட்டவர்கள் ஆண்களில் மூன்றில் ஒரு பங்கு, பெண்களில் ஏறக்குறையப் பாதி. ஆகவே அந்தத் தாளை உயிராகப் பாதுகாத்தவர்களில் பலருக்கு அதில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. இரண்டரை ஷில்லிங் கொடுத்து வாங்காமல் விட்டவர்களும் மிகப் பலர். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு தாள் இல்லையென்றால் அதிலிருந்து எதையும் முடிவுசெய்யக் கூடாது.

இந்தத் தொகைகளை இன்றைய ரூபாய்க்கு மாற்றித் தரும்படி கேட்டால் மறுத்துவிடுவேன். ரொட்டி விலையை வைத்துப் பெருக்கினால் ஒன்று வரும், கூலியை வைத்துப் பெருக்கினால் பல மடங்கு வேறொன்று வரும். அன்றைய ரூபாயில் கேட்டிருப்பதால் அதை மட்டும் சொல்லலாம். விக்டோரியா ஆட்சியின் முற்பகுதியில் ஒரு ரூபாய் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங். ஆகவே சான்றிதழ் ஒன்றேகால் ரூபாய், சாதாரண உரிமம் இருபது ரூபாய்க்குச் சற்று மேல், சிறப்பு உரிமம் முந்நூறு ரூபாய். 1870-களுக்குப் பின் வெள்ளி விலை சரிந்து, நூற்றாண்டின் இறுதியில் ரூபாய் ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸில் நின்றதால், அதே கட்டணங்கள் ரூபாய்க் கணக்கில் ஒன்றரை மடங்காயின. ஆனால் சரியான அளவுகோல் கூலிதான். ஜேம்ஸ் கேர்டு 1850–51-இல் இங்கிலாந்தின் வேளாண்மையைச் சுற்றிப் பார்த்து எழுதியதில், தென் மாவட்டங்களில் பண்ணைத் தொழிலாளியின் வாரக் கூலி சராசரி எட்டு ஷில்லிங் ஐந்து பென்ஸ். வடக்கே சுரங்கமும் ஆலைகளும் போட்டியிட்டதால் பதினொன்றரை ஷில்லிங். தெற்கத்தித் தொழிலாளி ஒருவனுக்குச் சான்றிதழ் இரண்டு நாள் கூலிக்குச் சற்றுக் குறைவு. பதிவு அலுவலக மணம் ஐந்து நாள் கூலி. பேராயரின் சாதாரண உரிமம் ஐந்து வாரக் கூலி. சிறப்பு உரிமம் ஓராண்டு நான்கு மாதக் கூலி. வாரம் இரண்டு பவுண்டு வாங்கிய லண்டன் எழுத்தருக்கோ சாதாரண உரிமம் ஒரு வாரச் சம்பளம்தான், ஆசையிருந்தால் கட்டிவிடலாம்.

மூன்றாவது கேள்வி, ஏழைகள் கட்டணத்துக்கு அஞ்சியா சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பது. இங்கே உறுதியான தளத்தை விட்டு இறங்குகிறோம். இந்தக் கருத்துக்கு மூலம் பெரும்பாலும் பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ. லண்டன் தெருவில் காய்கறியும் மீனும் தள்ளுவண்டியில் விற்றவர்களிடையே, சேர்ந்து வாழ்ந்த இணைகளில் பத்தில் ஒரு பங்கே மணம் முடித்தவர்கள் என்று அவர் எழுதினார். அதே இடத்தில் அவர் சொன்ன இன்னொன்று உங்கள் கேள்விக்கு நேராக விடை தருகிறது: கிளார்க்கன்வெல் சேகரத்தில் மட்டும் அது ஐந்தில் ஒரு பங்கு, ஏனெனில் அங்கிருந்த குருவானவர் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஆயத்த காலத்திலும் ஈஸ்டரிலும் ஏழைகளுக்குக் கட்டணமின்றி மணம் முடித்து வைத்தார். கட்டணம் நீங்கியதும் எண்ணிக்கை இரட்டிப்பானது என்றால் கட்டணம் ஒரு தடை என்பது தெளிவு. அப்போதும் ஐந்தில் நான்கு பங்கினர் வரவில்லை என்றால் கட்டணம் மட்டுமே தடையாக இருக்கவில்லை என்பதும் அதே அளவு தெளிவு. இந்த எண்களும் கணக்கெடுப்பில் வந்தவை அல்ல. மேஹ்யூவிடம் பேசியவர்களின் மதிப்பீடு. சட்ட வரலாற்றாய்வாளர் ரெபெக்கா ப்ரோபர்ட் பதிவேடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, மணமின்றிச் சேர்ந்து வாழ்வது நாம் நினைப்பதைவிட அரிது என்று வாதிட்டிருக்கிறார். நான் பார்த்த பதிவேடுகளும் அவர் பக்கமே சாய்கின்றன. தேடினால் கிடைக்காத மணம் பல வேளைகளில் பக்கத்துச் சேகரத்தில், பெயர் எழுத்துப் பிழையோடு கிடைத்துவிடும்.

ஏழு ஷில்லிங் அல்லாத தடைகள் பெரியவை. 1857 வரை விவாகரத்து என்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். 1857-க்குப் பின்னும் அதற்கான நீதிமன்றம் லண்டனில் மட்டுமே இருந்தது. எனவே கணவன் ஓடிப்போன பெண்ணும் மனைவியைப் பிரிந்த ஆணும் புதிய துணையோடு வாழ்ந்தால், கையில் முப்பது பவுண்டு இருந்தாலும் மணம் முடிக்க இயலாது. இன்னொரு தடை நமக்கு விந்தையாக இருக்கும்: மனைவி இறந்த பின் கொழுந்தியாளை மணப்பது 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் செல்லாததாகி, 1907 வரை அப்படியே இருந்தது. தாயை இழந்த பிள்ளைகளை வளர்க்க வந்த சித்தியே வீட்டுக்காரியாவது அங்கும் இயல்பாக நடந்தது. நம் ஊரில் அதைத் தாலியோடு செய்தார்கள், அங்கே தாளின்றிச் செய்தார்கள்.

கடைசியாக, உங்கள் கையில் பழைய பதிவேட்டுப் படியோ சான்றிதழோ கிடைத்தால் எந்த வழியில் மணம் நடந்தது என்பதை எளிதில் கண்டுகொள்ளலாம். பதிவின் எட்டுக் கட்டங்களுக்குக் கீழே உள்ள வரியில் "ஓலை வாசித்த பின்", "உரிமத்தின்படி", "சர்டிபிகேட்டின்படி" என்று ஏதாவது ஒன்று இருக்கும். உரிமத்தின்படி என்றிருந்தால், உரிமத்தாள் அநேகமாக அழிந்திருக்கும். ஆனால் சத்தியம் செய்த வாக்குமூலம் மறைமாவட்ட ஆவணங்களில் இருக்கும். தலைமைப் பேராயரின் அலுவலகங்கள் வழங்கியவற்றுக்கு லாம்பெத் அரண்மனை நூலகத்தில் தேட வேண்டும். உரிமம் வாங்கியதற்கான ஆதாரம் மணம் நடந்ததற்கான ஆதாரம் ஆகாது. வாங்கிவிட்டு மனம் மாறியவர்களும் உண்டு. நகலின் அடியில் இருக்கும் தேதியையும் பாருங்கள்: அது மணநாளாக இராமல் முப்பது ஆண்டு கழித்து இருந்தால், அந்த ஆண்டில் குடும்பத்தில் யாரோ இறந்திருக்கிறார்கள் அல்லது யாரோ பணம் கோரியிருக்கிறார்கள். சென்னையில் நடந்த ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் மணங்களைத் தேடுகிறவர்கள் சோமர்செட் ஹவுஸின் வாரிசான இன்றைய பதிவு அலுவலகத்தில் நேரம் செலவிட வேண்டாம். இங்குள்ள ஆலயங்கள் லண்டனுக்கு அனுப்பிய படிகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் என்/2 என்ற தொடரில் உள்ளன. 1872-க்குப் பின் அவற்றுக்கு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பொருந்தும். மேலே சொன்ன கட்டணங்கள் பொருந்தா.

உங்கள் நாவலுக்குத் திரும்பினால், அந்தக் காதலன் இரண்டு பவுண்டுக்கு மேல் கொடுத்து, பதினைந்து நாள் அந்த ஊரில் தங்கியதாகச் சத்தியம் செய்து (அது பொய்யாகவும் இருந்திருக்கலாம்) சாதாரண உரிமம் வாங்கியிருக்கிறான். கதை 1886-க்கு முன் நடந்தால் மணம் காலை எட்டு மணிக்கும் நண்பகல் பன்னிரண்டுக்கும் இடையில் முடிந்தாக வேண்டும். அந்த ஆண்டுச் சட்டம்தான் அதைப் பிற்பகல் மூன்று வரை நீட்டியது. அவன் வண்டிக்காரனை விரட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.